தலைமுறை தலைமுறையாய் ஒரு பாட்டு: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

டிசம்பர் பிறந்து டில்லிக் குளிர் இறுகத் தொடங்கியதும் ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்புகளில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் வீடுகளில் கீர்த்தனைப் புத்தகங்கள் வெளியே வரும். பெட்டிக்கடியில் கிடந்து ஓரம் மடிந்த புத்தகங்கள் அவை. நெல்லையிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தவை, அல்லது பாட்டி கொடுத்து அனுப்பியவை. பெரியவர்கள் புத்தகத்தைப் பார்க்காமலே பாடுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் அதே பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்கள்.

மலை மந்திரில் முருகனுக்குப் பாடுகிற பிள்ளைகளுக்கும் தமிழ் சம்பந்தமான இந்தச் சங்கடம் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களில் இது இன்னும் சற்று ஆழமாகப் போகிறது. டில்லியில் ஆராதனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அப்படியிருக்க, பிள்ளைக்குத் தாத்தாவின் விசுவாசத்தைக் கொடுப்பதற்குத் தாத்தாவின் பாட்டும் வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதியவரின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு ஒரு விடை கிடைக்கும். அவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு சிலர் இவரைக் குழப்பிக்கொள்வதுண்டு. பிள்ளை அவர்கள் 1826-ல் பிறந்தவர், கத்தோலிக்கர், முனிசீப்பாக இருந்தவர். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர்.

தகப்பன் கொடுத்த பிள்ளை

வேதநாயகம் 1774-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் சைவ வேளாளர் குலத்தில் அருணாசலம் பிள்ளையாகப் பிறந்து, பின்னர் கத்தோலிக்க மார்க்கத்தில் சேர்ந்து தேவசகாயம் என்று பெயர் பெற்றவர். தாயார் ஞானப்பூ அம்மாள். அந்தக் காலத்தில் மதம் மாறுவது என்பது உற்றார் உறவினரிடமிருந்து பெரும்பாலும் விலகி நிற்பதுதான். அந்த விலையைக் கொடுத்தவர் தகப்பனார். பிள்ளை அந்த வீட்டிலேயே பிறந்தான். அவனுக்கு விசுவாசம் வந்தது பிறப்பினால். அது நிலைப்பதற்கு வேறு காரியங்கள் தேவைப்பட்டன.

அந்நாளில் தஞ்சையிலும் திருச்சியிலும் ஊழியம் செய்துவந்த சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கும் வந்துபோவார். 1726-ல் பிரஷ்யா நாட்டில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழை நன்றாகக் கற்றவர் அவர். பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் என்ற மராட்டிய பிராமண விதவை கட்டிய ஆலயத்தை 1785-ல் பிரதிஷ்டை செய்தவரும் அவரே. ஏறத்தாழ அந்தக் காலத்தில் தேவசகாயம் பிள்ளை சுவார்ட்ஸின் சபையில் சேர்ந்து உபதேசியார் ஆனார். வேதநாயகத்துக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. பையனைத் தம்மோடு தஞ்சைக்கு அனுப்பும்படி சுவார்ட்ஸ் கேட்டார். தகப்பனார் சம்மதித்தார்.

ரயில் இல்லாத காலம். நெல்லைக்கும் தஞ்சைக்கும் நடுவே பல நாள் நடை. ஒரே மகனை அத்தனை தூரம் அனுப்பிய தகப்பனின் மனநிலையை, ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு டில்லிக்கு வண்டி ஏறியவர்கள் ஒருவாறு அறிவார்கள். திரும்பி வரும்போது பிள்ளை யாராக வருவான் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது.

குருவின் வீட்டில் இரண்டு மாணவர்கள்

தஞ்சையில் சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்த சிறுவர்களில் இன்னொருவரும் இருந்தார். துளஜா மன்னர் 1787-ல் இறக்கும் தறுவாயில் தம் தத்துப் பிள்ளையைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் சரசுவதி மகாலைப் பெருக்கிய இரண்டாம் சரபோஜி. 1777-ல் பிறந்த சரபோஜி, வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். ஒருவர் அரண்மனைக்கு உரியவர், மற்றவர் உபதேசியார் மகன். இருவரும் ஒரே குருவின் கீழ்ப் படித்தார்கள். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். குருவின் மேல் அவர் வைத்த அன்பு மட்டும் குறையவில்லை. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தபின் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்யச் சொல்லி லண்டனிலிருந்து வரவழைத்தார். கல்லறையில் பொறிப்பதற்கு ஆங்கிலத்தில் தாமே கவிதையும் எழுதினார். தஞ்சை சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள ஆலயத்தில் அந்தப் பளிங்கு நினைவுச் சின்னத்தை இன்றும் காணலாம்.

வேதநாயகம் தஞ்சையில் படித்தபின் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் அது. அங்கே வேதசாஸ்திரத்தோடு கணிதமும் பூகோளமும் வானசாஸ்திரமும் கற்றுக்கொடுத்தார்கள். பத்தொன்பதாம் வயதில் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக நியமித்தார்.

கும்மியும் குறவஞ்சியும்

சுவிசேஷ சபைகளில் அப்போது பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள். பொருள் தமிழில் இருக்கும், மெட்டு ஐரோப்பாவுடையது. ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பாடலாம். கிணற்றடியிலோ, வயல் வரப்பிலோ, கலியாணப் பந்தலிலோ அது வாயில் வராது. வாரம் ஒருநாள் மட்டும் வாயில் வருவதைப் பிள்ளைகள் வீட்டில் எப்படிப் பழகுவார்கள்?

வேதநாயகம் செய்த வேலை இங்கேதான். தமிழ்நாட்டு மக்கள் எந்தெந்த உருவத்தில் பாடினார்களோ அந்த உருவங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார். பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியில், மூட நம்பிக்கைகளைச் சாடும் சாஸ்திரக் கும்மியைப் பாடினார். ஏற்றம் இறைப்பவர் பாட்டை வைத்து ஞான ஏற்றப்பாட்டு இயற்றினார். ஊர்க்கூத்தில் வழங்கிய நொண்டி நாடகத்தை ஞான நொண்டி நாடகமாக்கினார். தச்சர்களின் தொழிலை வைத்து ஞானத்தச்ச நாடகம் எழுதினார். நோவாவின் பேழை அதில் பலகை பலகையாக எழும்புகிறது. ராக தாளத்தோடு பாடத்தக்க கீர்த்தனைகளையும் ஏராளமாக இயற்றினார். ஜெபமாலை என்பது அவருடைய பாட்டுகளின் பெருந்தொகுப்பு. அவர் எழுதியவை நூற்றுக்கு மேல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

எல்லாவற்றிலும் பெயர் பெற்றது 1800-ல் இயற்றிய பெத்தலகேம் குறவஞ்சி. திருக்குற்றாலக் குறவஞ்சியைத் தெரிந்தவர்களுக்கு அமைப்பு விளங்கும். தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள், குறவன் பறவை பிடிக்க வருவான். சாஸ்திரியாரின் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி திருச்சபையின் உருவகம். அவள் விரும்பும் தலைவர் கிறிஸ்து. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். கண்ணி வைக்கும் குறவன் ஆத்துமாக்களைத் தேடும் ஊழியன். தரங்கம்பாடியில் படித்த புதிய வானசாஸ்திரத்தையும் பூகோளத்தையும் அதற்குள்ளேயே சேர்த்துவிட்டார். எழுத்தறியாதவர்களும் பாட்டைக் கேட்டே உலகத்தின் உருவத்தை ஓரளவு தெரிந்துகொண்டார்கள்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. சபைகளில் நின்று தாமே பாடிப் பொருள் சொல்வார். வீட்டாரையும் மாணவர்களையும் உடன் பாடப் பழக்கினார். தத்துப் பிள்ளையாக வளர்த்த ஞானதீபம் என்ற பெண்ணும் பாட்டிலும் படிப்பிலும் தேறித் தகப்பனோடு சேர்ந்து பாடினாள். பெண்களுக்கு எழுத்து வேண்டியதில்லை என்று பலர் எண்ணிய காலம் அது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதாக மட்டும் இருந்த சொத்து, அந்த வீட்டில் மகளுக்கும் போயிற்று. சுவிசேட கவிராயர் என்று மக்கள் அவரைக் கொண்டாடினர்.

அரண்மனையும் மனச்சாட்சியும்

1798-ல் சரபோஜி அரியணை ஏறினார். பழைய பள்ளித் தோழரை அவர் மறக்கவில்லை. வேதநாயகத்தின் பாட்டுகளை அரண்மனையில் கேட்டு மகிழ்ந்தார், பரிசளித்தார். ஒருமுறை மன்னர் தம்முடைய தெய்வத்தின் மேல் ஒரு பாட்டுப் பாடும்படி கேட்டதாகவும், சாஸ்திரியார் பணிவோடு மறுத்ததாகவும், மன்னர் அதைப் பகையாகக் கொள்ளவில்லை என்றும் ஒரு செய்தி சாஸ்திரியார் வீட்டில் வழங்கிவருகிறது. மறுத்தவரைப் போலவே அதைப் பொறுத்துக்கொண்டவரையும் இந்தக் கதை பெருமைப்படுத்துகிறது. அரசரிடம் உணவும் பரிசும் பெற்றவர் ஒரு விஷயத்தில் மட்டும் இணங்கவில்லை என்பதைத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

சோதனை அரண்மனையிலிருந்து வரவில்லை, சபையிலிருந்தே வந்தது. சுவார்ட்ஸ் காலத்து மிஷனெரிமார் மறைந்து புதியவர்கள் வந்தபோது பல வழக்கங்களை மாற்ற முனைந்தார்கள். சபையார் தலைமுறையாய் வாசித்துவந்த பப்ரிஷியஸ் வேதாகம மொழிபெயர்ப்புக்குப் பதிலாகப் புதிய திருத்தம் புகுந்தது. தமிழ்ப் பாட்டுகளும், பண்டிகைக்குப் பூவால் அலங்கரிக்கும் வழக்கமும் தடுக்கப்பட்டன. ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவதையும், நற்கருணையில் முன்பின் பார்ப்பதையும் ஒழிக்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

சாஸ்திரியார் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்த்தார். எழுத்திலும் வாதாடினார். விளைவாக 1829-ல் மிஷன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்த இடத்தில் அவர் புகழ் பாடுகிறவர்கள் சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றத் தேவையில்லை. தமிழ்ப் பாட்டையும் பழகிய வேதமொழியையும் காக்க அவர் போராடியது நியாயம். வரலாறு அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டது. சாதிப் பிரிவினையைக் காக்க அவர் வாதாடியது நியாயமல்ல. ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் பகிர்ந்துகொள்ளும் பந்தியில் ஒருவனை இன்னொருவனுக்குப் பின்னால் நிறுத்துவதற்கு அந்த மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது. 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி ஆசாரம் கூடாது என்று கட்டளை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை எதிர்த்தார்கள், பலர் சபையைவிட்டே விலகினார்கள். ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கட்டளை நூறு ஆண்டு தாமதமாக வந்தது.

ஆகவே தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு வருவது விசுவாசம் மட்டுமல்ல. அதனோடு ஒட்டிக்கொண்டு வேறு சிலவும் வருகின்றன. தேவசகாயம் பிள்ளை பழைய மார்க்கத்தை விட்டபோது விடாத ஒன்றை மகனும் விடவில்லை. நெல்லைப் புடைத்துப் பதரை நீக்கும் வேலை ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக இருக்கிறது. எந்தப் பெரியவரும் அதைப் பிள்ளைகளுக்காகச் செய்து முடித்துவிட்டுப் போவதில்லை.

வருமானம் போனபின் முப்பத்திரண்டு ஆண்டு

வேலை போனபோது சாஸ்திரியாருக்கு ஐம்பத்தைந்து வயது. அரசு ஊழியர் பலர் ஓய்வு ஊதியத்தைக் கணக்குப் பார்க்கும் வயது அது. கை கொடுத்தவர் சரபோஜி. அவரை அரசவைப் புலவராக ஏற்று மானியம் அளித்தார். கிறிஸ்தவ சபை வெளியே அனுப்பிய கிறிஸ்தவக் கவிஞரை இந்து மன்னர் ஆதரித்தார். இருவருக்கும் குரு ஒருவர் என்ற நினைவு மன்னருக்கு மாறவில்லை.

அந்த ஆதரவும் நீடிக்கவில்லை. 1832-ல் சரபோஜி காலமானார். அவரோடு மானியமும் போயிற்று. அதன்பின் சாஸ்திரியார் முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்தார். உத்தியோகம் இல்லை, நிலையான சம்பளம் இல்லை. அழைத்த சபைகளுக்குப் போய்ப் பாடினார், பொருள் சொன்னார், தொடர்ந்து எழுதினார். அவரை நீக்கியவர்களால் பாட்டை நீக்க முடியவில்லை. அது ஏற்கெனவே வீடுகளுக்குள் போய்விட்டது. குடும்ப ஜெபத்தில் தாய்மார் பாடினார்கள், பிள்ளைகள் கேட்டுப் பழகினார்கள். வீட்டுக்குள் போன பாட்டுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

பின்னர் மிஷனெரிமாரே அதைத் தேடி வந்தார்கள். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர், தமிழர் தம் ராகத்தில் பாடினால்தான் ஆராதனையில் உயிர் இருக்கும் என்று கண்டுகொண்டார். கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ல் புத்தகமாக அச்சிட்டார். அதில் சாஸ்திரியார் பாட்டுகளுக்குச் சிறப்பிடம் கிடைத்தது. கையெழுத்து ஏடாகவும் வாய்ப்பாட்டாகவும் வாழ்ந்தது அச்சேறி, தமிழ் பேசும் சபைகள் தோறும் பரவியது. இன்று சபைகளில் பாமாலை ஒரு கையிலும் கீர்த்தனை மறு கையிலும் இருக்கிறதென்றால் அந்த வழி அன்று திறந்ததுதான். முன்னது மேல்நாட்டு மெட்டு, பின்னது நம் நாட்டு ராகம். சாஸ்திரியாரை வேலைக்கு வேண்டாம் என்றவர்களின் வாரிசுகளும் இரண்டையும் பாடுகிறார்கள்.

1864-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, தமது தொண்ணூறாம் வயதில், சாஸ்திரியார் தஞ்சையில் காலமானார்.

பட்டமே சொத்து

அவர் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற நிலமும் பணமும் பேசத்தக்கவை அல்ல. விட்டுச்சென்றது ஏடுகளும், பாடும் முறையும், சாஸ்திரியார் என்ற பட்டமும். மகன் நோவா ஞானாதிக்கம் அந்தப் பட்டத்தையும் அதனோடு வந்த வேலையையும் ஏற்றார். அவருக்குப் பின் அவர் வழியினர். பட்டம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதற்காக மட்டும் வரவில்லை. பட்டம் ஏற்றவர் பாட்டுகளைப் பாடம் பண்ண வேண்டும், சபைகளில் கதாகாலட்சேபம் செய்ய வேண்டும், ஏடுகளைக் காக்க வேண்டும். ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தவரும் அவ்வாறு பாடிவந்திருக்கிறார்.

இசை வேளாளர் வீட்டில் நாயனமும், கொத்தனார் வீட்டில் கரண்டியும், தட்டார் வீட்டில் உலைமுகமும் எப்படிப் பிள்ளைக்கு வருமோ, அப்படியே அந்த வீட்டில் விசுவாசம் வந்தது. நம்பு என்று சொல்லிக் கொடுப்பது கடினம். பாடு என்று சொல்லிக் கொடுக்கலாம். தகப்பன் ஒரு வரி பாட, பிள்ளை அதே வரியைத் திருப்பிப் பாடுவான். பொருள் விளங்குவதற்குச் சில ஆண்டு ஆகும். துக்கம் வரும் ஒரு நாளில், ஊரைவிட்டுத் தனியே இருக்கும் ஒரு ராத்திரியில், என்றோ பாடம் பண்ணியது தானாக நாவில் வரும். அன்றைக்கு அது தகப்பனுடைய பாட்டாக இராது, அவனுடையதாகவே ஆகிவிடும்.

வேதநாயகம் சாஸ்திரியாரின் தகப்பனார் நெல்லையிலிருந்து மகனை அனுப்பியபோது கொடுத்தனுப்பியது எதுவென்று யாரும் எழுதி வைக்கவில்லை. மகன் அதைப் பாட்டாக்கி ஆறு தலைமுறைக்கு வைத்தார் என்பது மட்டும் தெரிந்த செய்தி.

ஆர்.கே.புரத்தில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஆனாலும் ஆபீஸ் முடிந்து பஸ்ஸைப் பிடித்து வீடு சேர்கிற தகப்பனுக்கும், சமையலோடு வேலைக்கும் போய்வருகிற தாய்க்கும் பிள்ளையை உட்கார வைத்துத் தமிழ் சொல்லிக் கொடுக்க நேரம் குறைவு. குடும்ப ஜெபத்துக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் அதில் ஒரு கீர்த்தனைக்கு இடம் உண்டு. பிள்ளை முதலில் இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் பாடினாலும் பாதகமில்லை. இந்தி எழுத்தில் வராத ழகரம் வருகிற இடத்தில் பிள்ளையின் நாக்கு தடுக்கும். அங்கே நிறுத்தி, தாயோ தகப்பனோ ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும். சாஸ்திரியார் வீட்டிலும் தலைமுறைக்குத் தலைமுறை நடந்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.